கரண்டகத்துச் சுண்ணாம்பு

நம் பெரியும்மாக்களின் வெற்றிலைப் பெட்டியில் பாக்குக்கும் கிராம்புக்கும் நடுவே ஒரு சிறு சுண்ணாம்புக் கரண்டகம் இருக்கும். விரல் நுனியில் தொட்டு இலையின் முதுகில் தடவும் அந்த வெண்பசைக்குள் ஓர் உலோகம் ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் அவர்கள் நகைத்திருப்பார்கள். அதில் வியப்பில்லை. உலகத்து அறிஞர்களே 1808ஆம் ஆண்டு வரை அதைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர்.

சுண்ணாம்போடு மனிதன் கொண்ட பழக்கமோ மிகப் பழையது. கிளிஞ்சலையோ கல்லையோ காளவாயில் இட்டுச் சுட்டு, அதன்மேல் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும். நாவில் பட்டால் புண்ணாகும். சுடாத கல்லுக்கு இக்குணம் எதுவும் இல்லை. அப்படியாயின் இந்தக் காரம் எங்கிருந்து வந்தது? சூளையின் நெருப்பே கல்லுக்குள் புகுந்து தங்கிவிட்டது, நீர் பட்டதும் வெளிப்படுகிறது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். கண்ணெதிரே ஆவி பறக்கும்போது வேறு எவ்வாறு எண்ணுவது? அன்று வாழ்ந்திருந்தால் நாமும் அவ்வாறே எண்ணியிருப்போம்.

இந்த நம்பிக்கை தகர்ந்த வரலாறு, விந்தையாக, ஒரு பெண்மணியின் மருந்தில் தொடங்குகிறது. சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்கும் இரகசிய மருந்து தம்மிடம் இருப்பதாக இங்கிலாந்தில் ஜோவன்னா ஸ்டீபன்ஸ் என்பவர் கூறிவந்தார். அந்த இரகசியத்தை வெளியிடுவதற்காக 1739இல் நாடாளுமன்றம் 5,000 பவுன் வழங்கச் சட்டமே இயற்றியது. வெளிவந்ததோ சுட்ட முட்டையோடு, சுட்ட நத்தை, சவுக்காரம், சில பச்சிலைகள்! சுருங்கச் சொன்னால், சுண்ணாம்பு. அதன்பின் எடின்பரோவின் மருத்துவப் பேராசிரியர்களான விட், ஆல்ஸ்டன் இருவருக்கும் இடையே, மருந்துக்கு உகந்தது சிப்பிச் சுண்ணாம்பா, கல் சுண்ணாம்பா என்று பெரும் வழக்கு எழுந்தது.

அங்கே பயின்ற ஜோசப் பிளாக் என்னும் மாணவர் ஆசிரியர்களின் சண்டைக்குள் தலையிட விரும்பவில்லை. மக்னீசியத் தூள் ஒன்றை எடுத்துக்கொண்டு, தராசை முன்னே வைத்து, சுடுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தார். பின்னர் சுண்ணாம்பையும் அவ்வாறே ஆராய்ந்தார். 1756இல் அச்சான அவர் கட்டுரை பழைய நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. சூளையில் கல் எதையும் பெறவில்லை, இழந்திருக்கிறது! 100 பலம் தூய சுண்ணாம்புக்கல் சுட்டால் 56 பலமே மிஞ்சும். போன 44 பலமும் காற்று. அதையே இன்று கரியமில வாயு என்கிறோம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு குழாய் வழியே மூச்சை ஊதினால் நீர் பால்போல் வெளுப்பது, இழந்த அந்த வாயுவை அது திரும்பப் பெறுவதால்தான். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஆண்டு செல்லச் செல்ல இறுகுவதற்கும் இதுவே காரணம். காற்றிலுள்ள வாயுவை மெல்ல மெல்ல உண்டு அது மீண்டும் கல்லாகிறது.

இன்னொன்றும் பிளாக் விளக்கினார். மென்மையான சாம்பற்காரத்தோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் காரம் கடுமையாகும். அதன் வாயுவைச் சுண்ணாம்பு கவர்ந்துகொள்வதே காரணம். பலஸ்தீனத்து நாபுலுஸ் நகரின் சவுக்காரப் பட்டறைகளில் ஒலிவ எண்ணெயோடு செடிச் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்தது இதற்காகவே. அச்சாம்பலுக்கு அரபியில் வழங்கிய ‘கலீ’ என்னும் பெயரே ஐரோப்பிய மொழிகளில் ‘அல்கலி’ ஆயிற்று.

சுண்ணாம்பு ஒரு தனிமம் அன்று, ஏதோ ஓர் உலோகம் உயிர்வளியோடு கூடிய பொருளாக இருக்கலாம் என்று 1789இல் லவாய்சியர் ஐயுற்றார். அதை மெய்ப்பித்துக் காண அவருக்கு ஆயுள் இல்லை. 1794இல் புரட்சியின் கொலைக்கருவி அவரை விழுங்கியது. 1808இல் இலண்டனில் ஹம்பிரி டேவி, பாதரசத்தின் துணையோடு ஈரச் சுண்ணாம்பில் மின்சாரம் செலுத்தி உலோகத்தைப் பிரித்தார். சுண்ணாம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘கால்சியம்’ என்று பெயரும் இட்டார். வெள்ளி போன்ற அவ்வுலோகம் காற்றில் விரைவில் மங்கும்; நீரில் இட்டால் ஹைட்ரஜனை வெளியேற்றும். இயற்கையில் அது தனித்து ஒருபோதும் கிடைப்பதில்லை.

ஆயினும் நம் நெஞ்சைத் தொடுவது அடுத்த நிகழ்ச்சியே. இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்பு நீரில் இட்டு அது நெடுநேரம் துடிப்பதைக் கண்டு 1882இல் எழுதினார். பின்னரே உண்மை தெரிந்தது. வடித்த நீருக்குப் பதிலாக உதவியாளர் குழாய் நீரைப் பயன்படுத்தியிருந்தார்! இலண்டனின் அந்தக் குழாய் நீரில் கால்சியம் கலந்திருந்தது. வடித்த நீரில் செய்து பார்த்தபோது இதயம் தளர்ந்து நின்றது. சிறிது கால்சிய உப்பு இட்டதும் மீண்டும் துடித்தது. முன்பு எழுதியது பிழை என்று 1883இல் ரிங்கர் தாமே அச்சில் ஒப்புக்கொண்டார். அந்தத் துணிவை நாம் எவ்வளவு பாராட்டினாலும் தகும். இன்று மருத்துவமனைகளில் நரம்பில் ஏற்றும் ‘ரிங்கர் லாக்டேட்’ நீர் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நம் உடலில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் உண்டு. நூற்றில் 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு பங்கே இதயத்தையும் தசைகளையும் இயக்குகிறது. உணவில் குறைந்தால், இரத்தத்தின் அளவு குறையாதிருக்க உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்மார் இதனை மறத்தலாகாது. வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்பது 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த அளவு. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. அதே எடைப் பசும்பாலில் சுமார் 120. முள்ளோடு மென்று உண்ணும் நெத்திலியும் நல்ல துணை. பசலைக் கீரையில் கால்சியம் இருந்தும் அதன் ஆக்சலிக் அமிலம் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. வெயில் படாத உடலில் வைட்டமின் ‘டி’ குறையும். அப்போது உண்டதும் சரிவரச் சேராது.

அப்படியானால் கரண்டகத்துச் சுண்ணாம்பே போதுமே என்பார் உண்டு. அதனோடு வாயில் சேரும் பாக்கு, புகையிலை இல்லாதபோதும் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்தது. வீட்டில் சிறுவர் இருப்பின் இன்னொரு கவலையும் உண்டு. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடக்கூடும். கசக்காமல், அந்த நொடியே இமையை விரித்துப் பிடித்து, தூய நீரை அரைமணி நேரம் இடைவிடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் துகள்கள் நீரோடு போகட்டும். மருத்துவரிடம் புறப்படுவது அதற்குப் பிறகே.