லயத்துப் புகையும் கரிப் பையும்

மூங்கில் கரி நிரப்பிய பையை வீட்டுக்குள் தொங்கவிட்டால் காற்று சுத்தமாகுமாம். போனில் விளம்பரம் பார்த்துவிட்டு ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து மாணவி கேட்டாள், "எங்க காம்பராவுல மாட்டினா புகை போயிருமா சேர்?"

கரி மூச்சைக் காத்த கதை பழையது. 1854இல் ஸ்டென்ஹவுஸ் என்ற இரசாயனவியலாளர் மரக்கரி அடைத்த சுவாசக் கவசம் செய்தார். 1915 ஏப்ரல் 22இல் ஈப்பர் போர்முனையில் ஜேர்மனியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட பிறகு, கரி முகமூடிகள் படைகளுக்கு வந்தன. அதற்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரி மிக நல்லது என்று கண்டார்கள். நம்ம சிரட்டைதான்!

ஆனால் முகமூடியில் இழுக்கும் மூச்சு கரிக்குள்ளே புகுந்துதான் வர வேண்டும். பையோ ஆணியில் சும்மா தொங்குகிறது. அடுப்புப் புகையின் தூசு அதைத் தேடிப் போகாது. காபன் மொனொக்சைட்டைக் கரி பிடிப்பதும் இல்லை. (குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவடைத்துத் தூங்காதீர்கள், உயிர் போகும்.)

லயங்கள் கோப்பிக் காலத்தில் தொடங்கியவை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒரு இஸ்தோப்பு. இரட்டை லயத்தில் நம் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. ஜன்னலை எங்கே வைப்பது? ஈரமான கவ்வாத்து மிலாறு எரிந்தால் புகை உள்ளேயே சுற்றும்.

"பை வாங்குற காசுல கூரைக்குப் புகைபோக்கி வைக்கச் சொல்லும்மா" என்றேன்.

"தகரத்துல ஓட்டை போட தொரை விடுவாரா சேர்?"