கழுதையில் வந்தவர் எந்தத் தெருவுக்கு வந்தார்?

நவம்பர் கடைசியில் வேங்கிக்கால் பக்கம் வந்து பாருங்கள், எல்லோரும் எதற்காகவோ காத்திருப்பார்கள். தீபத்துக்கு வந்த கூட்டம் மலையைப் பார்த்துக் காத்திருக்கும். திங்கட்கிழமையானால் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள்; மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு சனம் காத்திருக்கும். இதே நாட்களை ஒட்டித்தான் நம் சேரிக் கோயில்களில் அட்வென்ட் தொடங்குகிறது. கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்பார்கள். நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறு தொடங்கி கிறிஸ்துமஸ் வரை நான்கு ஞாயிறுகள். காத்திருப்பதற்கென்றே திருச்சபை ஒதுக்கி வைத்த காலம்.

இன்று அது கேக்குக்கும் துணிக்கடைக்கும் முன்னோட்டமாகிவிட்டது. முன்பு அப்படியில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரம் மூன்று நாள் நோன்பிருக்கச் சொன்னார். லெந்து காலம் போலவே இதுவும் மனம் வருந்தித் திருந்தும் காலம். பலிபீடத்தில் இன்றும் ஊதா நிறத் துணி விரிப்பது அதனால்தான். நான்கு மெழுகுவத்தி வளையம் ரொம்பப் பிந்தியது. 1839இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய யோஹான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற லுத்தரன் குரு, கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் நச்சரித்ததால் ஒரு வண்டிச்சக்கரத்தில் மெழுகுவத்திகளை நட்டு நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்பார்கள். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாட்களுக்குச் சின்ன சிவப்பு. ‘இன்னும் எத்தனை நாள்?’ என்ற ஏழைப் பிள்ளைகளின் கேள்விதான் அந்த வளையத்தின் மூலம்.

அட்வென்ட் என்பது லத்தீனில் வருகை. ரோமப் பேரரசன் ஒரு நகரத்துக்குள் பரிவாரத்தோடு நுழைவதற்கும் இதே சொல்தான். லுத்தரன் கோயில்களில் அட்வென்ட் முதல் ஞாயிறு வாசிக்கும் வழக்கமான பகுதி மத்தேயு 21: இயேசு எருசலேமுக்குள் நுழைகிறார், கழுதைமேல். நம்மவர்கள் இந்தக் கழுதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களை ஊருக்கு வெளியே வைக்கிறது. நாயும் கழுதையும்தான் அவர்கள் சொத்து என்கிறது. வருகிற ராஜா ஏறிக்கொண்டது மனு நமக்கு ஒதுக்கிய வாகனத்தில். அந்த மனுவைத்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் பாபாசாகேப் தலைமையில் எரித்தார்கள். அதே டிசம்பர் 25, 1968இல், கூலி உயர்வு கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் நம் சனம் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். இந்த இரண்டு நெருப்பையும் ஒதுக்கிவிட்டு நாம் எந்தக் கிறிஸ்துமஸுக்குக் காத்திருப்பது?

வருகை என்றாலே எந்தத் தெருவுக்கு என்ற கேள்வி நம் ஊரில் உண்டு. சாமி தேர் சேரிக்குள் வருவதில்லை. மாதா தேரும் திரும்பிப் போன ஊர்கள் இருக்கின்றன.

நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிக் கதை இருக்கிறது. கோயில் ஆண்டு விழாக்களில்கூட அதை யாரும் சொல்வதில்லை. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி எல்லோருக்கும் தெரியும். அந்த மிஷன் தமிழ்நாட்டின் இந்தப் பக்கம் வந்ததற்கே காரணம் ஒரு சாதிச் சண்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தமிழ் லுத்தரன்கள் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் கையில் இருந்தார்கள். அதற்கு முன்பே, 1833இல், ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். தனி இருக்கை போச்சே என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். லைப்சிக் மிஷனோ சாதியைச் சமூக வழக்கம் என்று சொல்லி விட்டுப்பிடித்தது. சுவிசேஷம் உள்ளே போனால் அது தானே கரைந்துபோகும், அவசரப்படக் கூடாது என்பது அதன் வாதம். காத்திருங்கள் என்று அர்த்தம்.

இந்த நிலைப்பாட்டுக்குப் பின்னால் நின்றவர் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த அறிஞர். பிறப்பைப் பற்றி வள்ளுவர் சொன்னதை அவர் படிக்காமல் பெயர்த்திருக்க முடியாது!

அதே மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் இதை ஏற்கவில்லை. சாதியை விட்டால்தான் சபை, பிறகு பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது என்றார். சண்டை முற்றி மிஷனை விட்டு வெளியேறினார். பண்ருட்டி பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணியைத் தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரோடு கைகோத்தது. அந்த வேரிலிருந்து வந்ததுதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அதில் பெரும்பாலோர் நம் சனம். ஓக்ஸ் சாதியை ஒழித்துவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளைக்காரத் துரைத்தனம் அந்த மிஷனிலும் இருந்தது, கமிட்டித் தேர்தலில் சாதிக்குள் சாதி பார்ப்பது நம்மிடமும் இருக்கிறது. ஆனாலும் ‘காத்திரு’ என்று சொன்னவர்களிடம் ‘முடியாது’ என்று சொன்னதில் தொடங்கிய சபை நம்முடையது.

அடுத்துக் காத்திருக்கச் சொன்னது அரசாங்கம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மத வரம்பையே நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டார்கள். அதற்கும் கால நீட்டிப்பு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. 2024 நவம்பர் 26 அன்று, அட்வென்ட் தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது, ஞானஸ்நானம் பெற்ற ஒரு புதுச்சேரிப் பெண்ணுக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் சொல்வது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்றது. சேரியில் பிறந்ததற்கு அடி விழும்போது யாரும் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்பதில்லை. ஆனால் அந்த அடிக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடப் போனால் கேட்கிறார்கள். அதனால்தான் ஞாயிறு கோயிலில் ஒரு பேர், சான்றிதழில் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்று எத்தனையோ குடும்பங்கள் இரட்டை வாழ்க்கை வாழ்கின்றன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அட்வென்ட் கடைசி ஞாயிறை ஒட்டி மரியாளின் பாடல் வாசிப்பார்கள். வலியவர்கள் ஆசனம் இழப்பதையும் பசித்தவர்கள் வயிறு நிறைவதையும் நடந்து முடிந்த காரியம் போலப் பாடுகிறாள், பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை. நம் போதகர்கள் இதைத் தாழ்மையைப் பற்றிய பிரசங்கமாக்கிவிடுகிறார்கள்.

டிசம்பர் 6 எந்த ஆண்டானாலும் அட்வென்டுக்குள்தான் வரும். இரண்டாவது மெழுகுவத்தியை ஏற்றும் ஞாயிறை ஒட்டி. அன்று காலை அம்பேத்கர் சிலைக்கு மாலை போடப் போகும் நம் பிள்ளைகள்தான் ராத்திரி கேரல் ரவுண்டுக்கு வீடு வீடாகப் போகிறார்கள். இந்த வருஷம் சிலைக்கு முன்னால் அந்த மரியாள் பாடலை ஒரு தடவை வாசிக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். போதகர் கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார்.