குழந்தை இலக்கியத்தில் எந்தக் குழந்தை?

குழந்தைக்காக எழுதப்படுவதே குழந்தை இலக்கியம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் எழுதுபவர் பெரியவர், அச்சிடுபவர் பெரியவர், காசு கொடுத்து வாங்குபவரும் பெரியவர்தான். ஆகவே ஒவ்வொரு நூலுக்குள்ளும் பெரியவர்கள் மனத்தில் கண்ட ஒரு குழந்தை இருக்கிறது. அது எந்தக் குழந்தை? இத்துறை ஆய்வாளர்கள் எழுப்பும் முக்கியக் கேள்வி இது.

தமிழில் அந்தக் குழந்தை காலந்தோறும் மாறியிருக்கிறது. ஔவையாரின் ஆத்திசூடி கண்டது, அறம் கற்க வேண்டிய பிள்ளையை. பாரதியார் 1915இல் எழுதிய 'பாப்பா பாட்டு' விளையாட்டுக்கும் இடம் தந்தது. 1950இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியில் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானபோது, பாட்டும் கதையும் பிள்ளைக்கு மகிழ்ச்சி தர வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அறிவுரையா, இன்பமா என்ற இந்த வழக்கு உலகெங்கும் உண்டு. லண்டனில் 1744இல் சிறுவர் நூல் வெளியிட்ட ஜான் நியூபெரி, இரண்டையும் சேர்த்தே தர முயன்றார்.

மலாயாத் தோட்டப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழக்கும் இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர். பாடநூலோ தமிழகத்திலிருந்து கப்பலில் வந்தது. அதிலிருந்த ஊரும் ஆறும் வயலும் அந்தப் பிள்ளைகள் கண்ணால் காணாதவை.

கேமரன் மலையின் கம்போங் ராஜாவை எண்ணிப் பாருங்கள். அருகே புளூ வேலி தேயிலைத் தோட்டம். பனி விலகுமுன் பெரட்டுக்குப் போகும் பெற்றோர், ஆயாக் கொட்டகையில் தம்பி தங்கை, கொழுந்துக் கூடை. இந்த வாழ்க்கை அந்தப் புத்தகத்தில் ஏது?

1956 ரசாக் அறிக்கையும் 1957 கல்விச் சட்டமும் பாடத்திட்டத்தை இம்மண்ணுக்குரியதாக்கின. பாடநூல் மாறியது. ஆனால் பாடநூல் வேறு, பிள்ளை ஆசையாய் எடுத்துப் படிக்கும் கதைநூல் வேறு.

இன்று தேயிலைத் தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே பெரும்பாலும் கொழுந்து கொய்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல நகரத்துக்கு இறங்கிவிட்டன. லயத்துத் திண்ணையில் பாட்டி சொன்ன கதைகளும் அவர்களோடு இறங்கிவிட்டன. அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்ல, பிள்ளைகள் கேட்டு எழுதினால், மலைநாட்டுக் குழந்தையும் ஒரு புத்தகத்தில் தன் முகத்தைக் காணும். அதை நாளைக்கென்று தள்ளிப்போட முடியாது.