வால்ட் டிஸ்னி வேர்ல்ட்: அவசர மருத்துவ சேவை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்குத் தென்மேற்கே அமைந்த பெரும் பொழுதுபோக்கு வளாகம் வால்ட் டிஸ்னி வேர்ல்ட். இதன் பரப்பு ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர். மேஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டூடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998) என நான்கு பூங்காக்களும், இரண்டு நீர்ப் பூங்காக்களும், இருபதுக்கு மேற்பட்ட ஓட்டல்களும் இதற்குள் உள்ளன. இங்கு வருவோருக்கான மருத்துவ உதவி மூன்று இடங்களிலிருந்து கிடைக்கிறது: பூங்காவுக்குள் செவிலியர்கள் நடத்தும் முதலுதவி நிலையங்கள், வளாகத்துக்கென்றே இயங்கும் தீயணைப்புத் துறையின் ஆம்புலன்ஸ்கள், சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள மருத்துவமனைகள்.

துறைசார் மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் 2 கோடிக்கு மேற்பட்டோர் வந்தார்கள். நாள் ஒன்றுக்குச் சராசரியாக 57,000 பேர். தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியில் வசிக்கும் அளவுக்கு மக்கள், தினமும் காலையில் குடியேறி இரவில் கிளம்பிப் போகிறார்கள். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், எண்பது வயதைத் தாண்டியவர்கள் என எல்லாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. நகராட்சிக்குத் தேவைப்படும் மருத்துவ ஏற்பாடு இந்தப் பூங்காவுக்கும் தேவைப்படுகிறது. கூடுதல் சிக்கல் ஒன்றும் இருக்கிறது: வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இடம் புதிது. தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அவர்களால் சட்டென்று சொல்ல முடியாது.

தனி மாவட்டம், தனித் தீயணைப்புத் துறை

1960களில் டிஸ்னி நிறுவனம் இங்கே சதுப்பு நிலங்களையும் தோப்புகளையும் வாங்கிச் சேர்த்தபோது, சுற்றுவட்டாரத்தில் பெரிய ஊர் எதுவும் இல்லை. ஆரஞ்சு, ஆசியோலா என்ற இரு கவுண்டிகளின் எல்லையில் கிடந்த அந்த நிலத்துக்குச் சாலையும் வடிகாலும் தீயணைப்பும் கொண்டுவர அரசிடம் வசதி போதவில்லை. 1967 மே மாதம் ஃபுளோரிடா சட்டமன்றம் ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம் என்ற தனி நிர்வாக அமைப்பை உருவாக்கியது. ஓர் உள்ளாட்சிக்குரிய அதிகாரங்கள் பலவும் அதற்குக் கிடைத்தன. வரி கட்டிய பெரிய நில உரிமையாளரும் டிஸ்னிதான். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்ததும் நடைமுறையில் டிஸ்னிதான். முதல் பூங்கா திறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1968இல், மாவட்டத்தின் தீயணைப்புத் துறை தொடங்கப்பட்டது.

அமெரிக்காவில் தீயணைப்புத் துறைகள் பலவற்றுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுவதும் வேலையில் ஒரு பகுதி. நெருப்புக்காக ஓடுவதைவிட நோயாளிக்காக ஓடுவதே அதிகம். ரீடி கிரீக் துறையும் அப்படித்தான். வளாகத்துக்குள் நான்கு நிலையங்கள் வைத்திருக்கும் இத்துறையில் பாராமெடிக் பயிற்சி பெற்றவர்கள் பணிபுரிகிறார்கள். ஈசிஜி எடுப்பது, ரத்தக்குழாயில் மருந்து ஏற்றுவது, மூச்சுக்குழாய் பொருத்துவது, நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்வு கொடுப்பது எல்லாம் அவர்கள் களத்திலேயே செய்யும் வேலைகள். ஆம்புலன்ஸ் வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை என்பதே இங்குள்ள ஏற்பாட்டின் முதன்மையான பலம். மற்ற வசதிகளையெல்லாம் இதற்கு அடுத்துத்தான் வைக்க வேண்டும்.

2023 பிப்ரவரியில் ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசான்டிஸ் கையெழுத்திட்ட சட்டம் இந்த மாவட்டத்தின் பெயரை மத்திய ஃபுளோரிடா சுற்றுலா மேற்பார்வை மாவட்டம் என்று மாற்றியது. நிர்வாகக் குழு உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரம் ஆளுநரிடம் சென்றது. டிஸ்னிக்கும் மாநில அரசுக்கும் இடையே நடந்த அரசியல் மோதலின் விளைவு அது. அந்த மோதலில் அதிகம் பேசப்படாமல் போன குரல் ஒன்று உண்டு. ஆட்கள் போதவில்லை, கூட்டம் பெருகிய அளவுக்குப் பணியிடங்கள் பெருகவில்லை என்று தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கம் அதற்கு முந்தைய ஆண்டுகளில் தொடர்ந்து சொல்லிவந்தது. நிர்வாகம் யார் கையில் இருந்தாலும், ஆம்புலன்ஸில் ஏற ஆள் இருக்கிறாரா என்பதே நோயாளியைப் பாதிக்கும் விஷயம். அந்த முறையீட்டை அரசியலிலிருந்து பிரித்துப் பார்ப்பதே நியாயம்.

முதலுதவி நிலையங்கள்

நான்கு பூங்காக்களிலும் தலா ஒரு முதலுதவி நிலையம் இருக்கிறது. மேஜிக் கிங்டத்தில் மெயின் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில் கிரிஸ்டல் பேலஸ் உணவகத்தை ஒட்டியும், எப்காட்டில் ஒடிசி கட்டடத்திலும், ஹாலிவுட் ஸ்டூடியோஸில் நுழைவாயிலுக்கு அருகிலும், அனிமல் கிங்டத்தில் டிஸ்கவரி ஐலண்ட் பகுதியிலும் இவை அமைந்துள்ளன. பதிவு பெற்ற செவிலியர்கள் பணியில் இருப்பார்கள். கட்டணம் கிடையாது.

இங்கு வருபவர்களில் பலரும் சின்னத் தொல்லைகளுக்காகவே வருகிறார்கள். புதுச் செருப்பு கடித்துக் கொப்புளம் கண்ட கால், தலைவலி, வயிற்றுப் புரட்டல், வெயிலில் வெந்த தோள், விழுந்து சிராய்த்த முழங்கால் போன்றவை. மருத்துவச் சீட்டு தேவைப்படாத மாத்திரைகளை ஒருவேளை அளவுக்குக் கொடுப்பார்கள். படுத்து இளைப்பாறக் குளிரூட்டிய அறையில் கட்டில் உண்டு. இன்சுலின் போன்ற, குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளைக் கொண்டுவந்தால் குளிர்பதனப் பெட்டியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பயன்படுத்திய ஊசியைப் போடுவதற்கும் பாதுகாப்பான பெட்டி உண்டு. நாள் முழுக்க வெளியில் அலையும் சர்க்கரை நோயாளிக்கு இந்த வசதியின் அருமை தெரியும். ஆனால் இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே பலர் மருந்துப் பையைத் தோளில் சுமந்து வெயிலில் நடக்கிறார்கள்.

கடுமையான ஒவ்வாமைக்குத் தொடையில் குத்தும் எபிபென் ஊசிகளைப் பூங்காக்களில் வைப்பதற்கு, 2014இல் அதன் தயாரிப்பு நிறுவனமான மைலானுடன் டிஸ்னி ஏற்பாடு செய்துகொண்டது. வேர்க்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாமல் தொண்டை வீங்கி மூச்சடைக்கும் பிள்ளைக்கு, அந்த ஊசி கிடைக்கும் வரை ஓடும் நிமிடங்கள்தான் உயிர்.

முதலுதவி நிலையத்தில் மருத்துவர் இல்லை. நோயைக் கண்டறிந்து மருந்துச் சீட்டு எழுதும் இடமும் அதுவல்ல. காய்ச்சல், காதுவலி, தையல் தேவைப்படும் வெட்டுக்காயம் போன்றவற்றுக்கு அருகில் உள்ள சென்ட்ரா கேர் போன்ற உடனடி சிகிச்சை மையங்களுக்கு வழிகாட்டுவார்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, பேச்சுக் குழறல் என்றால் ஆம்புலன்ஸ்தான்.

மூன்று நிமிடம்

இதயம் திடீரெனத் துடிக்காமல் நின்றுபோனால், மின்னதிர்வு கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. எவ்வளவு வேகமான ஆம்புலன்ஸாக இருந்தாலும் அணிவகுப்புக் கூட்டத்தைக் கடந்து வரச் சில நிமிடங்கள் ஆகும். அதனால்தான் ஏ.இ.டி. எனப்படும் தானியங்கி மின்னதிர்வுக் கருவிகளை மக்கள் கூடும் இடங்களில் வைக்கிறார்கள். டிஸ்னி பூங்காக்களின் வழிகாட்டி வரைபடங்களில் இவை இருக்கும் இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். கருவி தானே இதயத்துடிப்பை ஆராய்ந்து, என்ன செய்ய வேண்டும் என்று குரலில் சொல்லும். தேவையில்லாத ஒருவருக்கு அது அதிர்வு கொடுக்காது. எனவே மருத்துவம் படிக்காதவர்களும் அஞ்சாமல் எடுக்கலாம்.

இதற்கான வலுவான சான்று இன்னொரு பொழுதுபோக்கு உலகத்திலிருந்து வந்தது. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலர்களுக்கு இக்கருவியைக் கையாளப் பயிற்சி கொடுத்து நடத்திய ஆய்வு, 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. கண்முன்னே விழுந்தவர்களில், மூன்று நிமிடத்துக்குள் முதல் அதிர்வு பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மூன்று நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம் பேர். அங்கே உயிர் காத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், வாசலில் நின்ற காவலர்கள். பூங்கா ஊழியருக்கும் அதே இடம்தான்.

பூங்காவில் ஒருவர் விழுந்துவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. அருகில் உள்ள ஊழியரிடம் சொன்னால் அவர் தகவல் அனுப்புவார். கைப்பேசியில் 911ஐ அழைத்தால் அவசர மையம் எடுக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது நல்லது. பக்கத்தில் இருக்கும் ராட்டினத்தின் பெயரையோ உணவகத்தின் பெயரையோ சொன்னால் போதும். வளாகத்தை அறிந்தவர்கள் வந்துவிடுவார்கள். ஆம்புலன்ஸ்கள் கூட்டத்தின் நடுவே வருவதைத் தவிர்த்து, பூங்காக்களைச் சுற்றியுள்ள ஊழியர் சாலைகள் வழியே வந்து, பக்கவாட்டுக் கதவுகளில் நோயாளியை ஏற்றிக்கொள்கின்றன.

நோயாளிகள் பார்வையாளர் கண்ணில் படாமல் போவதாலோ என்னவோ, டிஸ்னி எல்லைக்குள் யாரும் இறந்ததாக அறிவிக்க மாட்டார்கள் என்ற வதந்தி நெடுநாளாக உலவுகிறது. அது உண்மையில்லை. 2009 ஜூலையில் மோனோரயில்கள் மோதியபோது ஓட்டுநர் ஒருவர் அங்கேயே உயிரிழந்தார். உயிர்ப்பிக்கும் முயற்சி வழியெல்லாம் தொடர்வதால், பல நேரங்களில் மரணத்தை மருத்துவமனையில் மருத்துவர் அறிவிக்கிறார். எந்த ஊரிலும் நடைமுறை அதுதான்.

வெயில்

ஃபுளோரிடாவின் கோடையில் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். சென்னைவாசிக்கு இது பெரிய வெயிலாகத் தோன்றாது. ஆனால் ஈரப்பதம் மிகுதி; வியர்வை எளிதில் ஆவியாகாது; வரிசைகளில் நிற்பதும் பூங்காவைச் சுற்றுவதுமாக ஒரு நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சாதாரணம். குளிர்நாட்டிலிருந்து முந்தைய நாள்தான் வந்திறங்கிய உடல் இதற்குப் பழகியிருக்காது.

தலைசுற்றல், அதிக வியர்வை, குமட்டல் என்றால் வெப்பத் தளர்ச்சி. நிழலும் தண்ணீரும் ஓய்வும் அதைச் சரிசெய்துவிடும். பேச்சு தடுமாறி, நினைவு குழம்பினால் அது வெப்பத்தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். முதலில் உடலைக் குளிர்வித்து, பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது இதில் ஏற்கப்பட்ட சிகிச்சை நெறி. ஆம்புலன்ஸ் வரும்வரை கையில் இருக்கும் குளிர்ந்த நீரை மேலெல்லாம் ஊற்றி விசிறலாம். பூங்காக்களின் விரைவு உணவகங்களில் ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீர் கேட்டால் காசில்லாமல் கொடுப்பார்கள்.

மிஷன்: ஸ்பேஸ் கற்றுத்தந்தது

ராட்டினங்களில் இயந்திரக் கோளாறால் ஏற்படும் காயம் அரிது. உடலில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் நோய் வெளிப்படுவதே அடிக்கடி நடப்பது. எப்காட்டில் 2003இல் திறக்கப்பட்ட மிஷன்: ஸ்பேஸ் இதற்கு உதாரணம். ராக்கெட் கிளம்பும் அழுத்தத்தை உணர்த்துவதற்காக அதன் இருக்கைகள் வேகமாகச் சுழற்றப்படுகின்றன. 2005இல் அதில் ஏறிய நான்கு வயதுச் சிறுவன் இறந்தான். அதுவரை யாருக்கும் தெரியாத இதயத்தசை நோய் அவனுக்கு இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. 2006 ஏப்ரலில் 49 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். நெடுநாள் உயர் ரத்த அழுத்தத்தால் நேர்ந்த மூளை ரத்தக்கசிவு காரணம். 2005, 2006க்கு இடைப்பட்ட பன்னிரண்டு மாதங்களில் பாராமெடிக்குகள் இந்த ஒரு ராட்டினத்தில் ஏறிய 194 பேருக்குச் சிகிச்சை அளித்ததாக அப்போது செய்தி வந்தது. 2006 மே மாதம் சுழற்சி இல்லாத மாற்று வகை அறிமுகமானது. வாசலில் உள்ள எச்சரிக்கைப் பலகையில் இதய நோய், ரத்த அழுத்தம், கர்ப்பம் என்று எழுதியிருப்பதைச் சடங்காக எண்ணிக் கடந்துபோகக் கூடாது.

ஃபுளோரிடாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களும் முழுநேர ஆய்வாளர்களும் கொண்ட பூங்காக்களுக்கு மாநில அரசின் ராட்டினச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. 2001இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 24 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் தங்க நேர்ந்த காயங்களை அவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாநில வேளாண் துறையிடம் தெரிவிக்கின்றன. அறிக்கையில் நாள், ராட்டினத்தின் பெயர், வயது, பாலினம், ஒரு வரியில் நோய்க்குறி என்பவை மட்டுமே இருக்கும். பிறகு அவர் தேறினாரா, இறந்தாரா என்ற விவரம் அதில் சேர்வதில்லை. கோடிக்கணக்கானோர் வரும் இடத்துக்கு இந்தக் கணக்கு போதாது.

மருத்துவமனையும் செலவும்

வளாகத்துக்கு மிக அருகில் உள்ள பெரிய மருத்துவமனை, செலிப்ரேஷன் என்ற ஊரில் 1997இல் திறக்கப்பட்ட அட்வென்ட்ஹெல்த் செலிப்ரேஷன். கடும் விபத்துக் காயங்களுக்கு ஆர்லாண்டோ நகரில் உள்ள ஆர்லாண்டோ ரீஜனல் மெடிக்கல் சென்டர் முதல்நிலைக் காய சிகிச்சை மையமாக இயங்குகிறது.

1986இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் யாரையும் பணம் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து உடல்நிலையைச் சீராக்க வேண்டும் என்கிறது. வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும். ஆனால் சிகிச்சைக்குப் பின் ரசீது வரும், அது பெரிய தொகையாகவும் இருக்கும். அமெரிக்காவில் ஆம்புலன்ஸும் பொதுவாக நம் ஊர் 108 போல இலவசம் அல்ல. மகனையோ மகளையோ பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வரும் பெற்றோர் பலர் ஆர்லாண்டோ பயணத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்குப் பயணக் காப்பீடு எடுக்கும்போது, முன்பே உள்ள நோய்கள் அதில் அடங்குமா என்று பார்த்து எடுப்பது அவசியம். உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி அவர்கள் சட்டைப்பையில் வைத்துவிட்டால், பாராமெடிக்கின் வேலை பாதி குறையும்.

நெஞ்சை அழுத்துவதுபோல் இருந்தும், “ஒண்ணுமில்லை, கொஞ்சம் உட்கார்ந்தா சரியாகிடும், நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லும் அப்பாக்கள் நம் வீடுகளில் உண்டு. டிக்கெட் காசு வீணாகிவிடுமே, பிள்ளைகளின் நாள் கெட்டுவிடுமே என்ற எண்ணம் அது. அப்படி அவர் சொன்னால், அவரைப் பெஞ்சில் தனியே விட்டுவிட்டு வரிசைக்குப் போகாதீர்கள். பக்கத்தில் நிற்கும் ஊழியரை உடனே கூப்பிடுங்கள்.