ரோகிணியின் அரபுப் பெயர்

திருச்சி விமான நிலையத்தின் அருகே உள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாம், குவிமாடத்தில் விண்மீன்கள் ஒளிரும்போது ஒரு வரலாற்றையும் சொல்லித் தரவேண்டும்.

நாம் ரோகிணி என்னும் விண்மீனை மேலைநாட்டார் ‘அல்டெபரான்’ என்கின்றனர். அது ‘அத்தபரான்’ என்ற அரபுச் சொல். ‘பின்தொடர்வது’ என்பது பொருள். கார்த்திகை மீன்களைத் தொடர்ந்து எழுவதால் அமைந்த பெயர்.

கிரேக்க அறிஞர் தாலமியின் விண்மீன் பட்டியலை அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964ஆம் ஆண்டளவில் மறுஆய்வு செய்தார். முன்னோர் கூற்று என்பதால் அப்படியே ஏற்காமல், தாமே வானை நோக்கி ஒளியளவுகளைத் திருத்தினார். ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளைச் ‘சிறு மேகம்’ எனக் குறித்தவரும் அவரே.

திருவரங்கத்தை அடுத்த திருவானைக்காவில் 1888இல் பிறந்த சர் சி.வி. இராமனும் இவ்வழியினரே. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற ரேலியின் விளக்கத்தை ஏற்காது, 1921இல் கப்பல் பயணத்திலேயே சோதித்தறிந்தார்.

‘நம்மவர் அன்றே கண்டனர்’ என்ற பெருமையோடு நின்றால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது பெயர்கள் மட்டுமே. சரிபார்க்கும் துணிவே மெய்யான வாரிசுரிமை. வானங்களின் படைப்பைச் சிந்திக்கத் திருமறை அழைக்கையில், ‘ஏன்?’ என்னும் பிள்ளையை நாம் அதட்டி அடக்கலாகாது. மார்கழி இரவொன்றில் மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்வோம். கார்த்திகையை ரோகிணி பின்தொடர்கிறதா என அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.