அந்தமானின் புலுகா நீதிபதியானது எப்படி?

எகிப்தில் இறந்தவரின் இதயத்தைத் தராசில் வைப்பவர் குள்ளநரித் தலை கொண்ட அனுபிஸ். நம் எமனுக்கு எருமை வாகனம், கணக்குக்குச் சித்திரகுப்தன். அந்தமான் பழங்குடியினரின் தெய்வமான புலுகாவையும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞர்கள் சிலர் இப்படியொரு பெரிய பீடத்தில் ஏற்றினார்கள். எல்லாம் அறிந்தவர், பிறப்பும் இறப்பும் இல்லாதவர், மாண்டவர்களின் உயிருக்குத் தீர்ப்புச் சொல்பவர் என்றார்கள். அதே தெய்வம் வடக்கே பெண், பெயர் பிலிகு. வட அந்தமான் மொழியில் சிலந்திக்கும் அந்தப் பெயர்தான்.

நீதிபதிச் சித்திரம் இ. எச். மேன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடமிருந்து வந்தது. போர்ட் பிளேரில் 1858இல் கைதிகள் குடியேற்றம் தொடங்கியது. சில ஆண்டுகளில் பழங்குடியினரைக் கொண்டுவந்து தங்கவைக்க ‘அந்தமானியர் இல்லங்கள்’ எழுந்தன. 1870களின் பிற்பகுதியில் அவற்றின் பொறுப்பு மேன் கையில் இருந்தது. தென் அந்தமானின் அக்கா-பியா மொழியை அவர் நன்றாகக் கற்றிருந்தார். கேட்டறிந்ததை 1880களின் தொடக்கத்தில் லண்டன் மானுடவியல் இதழில் வெளியிட்டார்.

அதில் வரும் மறுமை விரிவானது. பூமிக்கும் கீழ்வானத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத பிரம்புப் பாலம் ஒன்று; உயிர்கள் அதன் வழியே போகும். நல்லவர்களுக்கு மேலே ஓர் உலகம். கொலை போன்ற கொடும்பாவம் செய்தவர்களுக்கு அதன் கீழே கடுங்குளிர் நிலம். இந்தக் குளிரைச் சொல்லும்போது இத்தாலியக் கவிஞர் தாந்தே மேனுக்கே நினைவுக்கு வந்துவிடுகிறார். புலுகாவுக்குப் பச்சை நிற மனைவியும் உண்டு. அவளுக்கு ‘நன்னீர் இறால் அம்மா’, ‘விலாங்கு அம்மா’ என இரண்டு பெயர்கள்.

தெய்வத்துக்குக் கோபமூட்டும் குற்றங்கள் என்று அவர் தரும் பட்டியலைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். பொய், திருட்டு, கொலை, பிறன்மனை நாடல்... அவற்றோடு இறைச்சியைச் சரியாகக் கூறுபோடாததும் தேன்மெழுகை எரிப்பதும்! கொலைக்கும் மெழுகுக்கும் ஒரே நீதிமன்றமா?

இந்தச் சிக்கலைப் பிரித்தவர் ஏ. ஆர். பிரவுன், ராட்கிளிஃப்-பிரவுன் என்று பின்னாளில் புகழ்பெற்றவர். 1906 முதல் 1908 வரை தீவுகளில் களப்பணி செய்தார். 1922இல் நூல் வந்தது. பிலிகு சினம் கொள்வதற்கு அவர் முதன்மையாகக் குறித்த காரணங்கள் மூன்று: தேன்மெழுகை உருக்குவது, விடியலிலும் அந்தியிலும் சில்வண்டு பாடும்போது சத்தம் போடுவது, சில காட்டுக் கிழங்குகளைக் காலம் தவறித் தோண்டுவது. தண்டனை மறுமையில் அல்ல, இங்கேயே: புயல். வடகிழக்குக் காற்று பிலிகுவுடையது, தென்மேற்குக் காற்று தாராய் என்ற இன்னொரு தெய்வத்துடையது. மீன்கொத்தி பிலிகுவிடமிருந்து நெருப்பைத் திருடியபோது அவள் முத்துச்சிப்பியை எறிந்த கதையும் உண்டு. மின்னலுக்கும் அந்தச் சிப்பியே காரணம். பருவக்காற்றோடு ஒட்டி வாழ்ந்த மக்களுக்கு இது வானிலை தெய்வம் என்பது பிரவுனின் முடிவு.

இதற்குள் மேனின் புலுகா ஐரோப்பாவில் பிரபலமாகிவிட்டிருந்தார். ஆண்ட்ரூ லாங் 1898இல் எழுதிய ‘தி மேக்கிங் ஆஃப் ரிலிஜன்’ நூலில், ஆதிமனிதனும் ஒரே கடவுளை அறிந்திருந்தான் என்பதற்குப் புலுகாவைச் சாட்சிக்கு அழைத்தார். வில்ஹெல்ம் ஷ்மிட் என்ற கத்தோலிக்கப் பாதிரியாருக்கும் அதே வாதம் உகந்ததாக இருந்தது. 1910இல் அவரும் பிரவுனும் லண்டன் இதழொன்றில் நேருக்கு நேர் மோதினார்கள். வாதம் நடந்த மேசையில் ஓர் அந்தமானியர்கூட இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அதற்காக மேனைப் பொய்யர் என்று தள்ளுவது நியாயமாகாது. மேனும் பிரவுனும் பார்த்தது ஒரே மக்களை அல்ல. மேன் பழகியது போர்ட் பிளேரைச் சுற்றியிருந்த அக்கா-பியாக்களோடு. பிரவுன் வந்தபோது அவர்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டார்கள், அவருடைய தகவல்களில் பெரும்பகுதி வடக்கிலிருந்து வந்தது. இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1877இல் தட்டம்மை பரவி இல்லங்களில் இருந்தவர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. ஊரே செத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், ஆட்சி செய்யும் அதிகாரி ஒருவர் ‘செத்தபின் என்ன ஆகும்?’ என்று கேட்டால், வரும் பதிலில் கேள்வியின் சாயல் ஏறாமல் இருக்குமா? மெழுகு பழைய சரக்கு, தீர்ப்பு பெரும்பாலும் புதிய பூச்சு என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

சரிபார்க்க இன்று வழியில்லை. அக்கா-பியா உள்ளிட்ட பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். எஞ்சியவர்கள் பிற்பாடு ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டார்கள். ‘போ’ மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார். அக்கா-பியா அதற்கு வெகுகாலம் முன்பே அழிந்துபோனது. ஆகவே புலுகாவை ‘அந்தமானியரின் கடவுள்’ என்று எழுதுவோர், அது 1880களில் மேன் பதிவு செய்த தென் அந்தமான் சித்திரம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.