பெயர் பெற்ற ஓவியரும் பெயரறியாச் சிற்பியரும்



திருகோணமலைக்குத் தெற்கே, மாவலி கங்கையின் கிளையாகிய வெருகல் ஆற்றங்கரையிலே சித்திர வேலாயுதர் கோவில் அமைந்துள்ளது. சித்திரம் என்னும் சொல் ஓவியத்தையும் குறிக்கும், அழகையும் குறிக்கும். அக்கோவிலின் மதிற்பணியைச் செய்வித்த கயிலாய வன்னியனாரின் பெயரைக் கூறும் கல்வெட்டொன்று அங்கே உண்டு. பொருள் ஈந்தவர் பெயர் கல்லில் நிலைப்பதும், உளி பிடித்தவர் பெயர் மறைந்துபோவதும் நம் கோவில்களிற் பெரும்பாலும் காணும் வழக்கமாகும். இதற்கு நேர்மாறாகக் கலைஞனின் பெயரையே முன்னிறுத்தி, அவன் வாழ்க்கையையும் படைப்பையும் பொதுமக்களிடம் கொண்டுசென்றவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த சஞ்சிகைகள். அவை இப்பணியை எவ்வாறு ஆற்றின என்பதைச் சிறிது நோக்குவோம்.

அக்காலத்தில் யாவரும் அறிந்திருந்த ஓவியர் இரவிவர்மா. 1894ஆம் ஆண்டில் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த வண்ணப் படங்கள், அரண்மனைச் சுவர்களில் இருந்த இலக்குமியையும் சரசுவதியையும் எளியோர் வீட்டுப் பூசையறைக்குக் கொண்டுவந்தன. அவர் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தபோது, அவ்வாண்டிலே தோன்றிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையை நடத்திவந்த சுப்பிரமணிய பாரதியார் அவருக்கு இரங்கற்பா பாடினார். ஓர் ஓவியனின் மறைவுக்குத் தமிழ்க் கவிஞர் ஒருவர் கண்ணீர் சிந்தியமை, அவ்வோவியனின் புகழ் எத்துணைப் பரந்திருந்தது என்பதற்குச் சான்றாகும்.

வடக்கே, இராமானந்த சட்டர்ஜி 1901இல் ‘பிரவாசி’ என்னும் வங்காள மாத இதழையும், 1907இல் ‘மாடர்ன் ரிவியூ’ என்னும் ஆங்கில மாத இதழையும் தொடங்கினார். கட்டுரையின் நடுவே ஓவியங்களை அச்சிட்டு, அவற்றை ஆக்கியோரைப் பற்றி எழுதுவிப்பது இவ்விரு இதழ்களின் சிறப்பு. உபேந்திரகிஷோர் ராய் கல்கத்தாவில் ஆக்கிய நேர்த்தியான அச்சுப்பாளங்களால், ஓவியங்களின் நுட்பமான நிழலும் ஒளியும் தாளிலே பதியலாயின. முதலில் இரவிவர்மாவைப் போற்றிய இராமானந்தர், பின்னர் அவனீந்திரநாத் தாகூரின் புதுநெறிக்கு இடமளித்தார். அதற்கு முன்னரே, கல்கத்தாக் கலைக்கல்லூரித் தலைவராயிருந்த ஹாவெல், லண்டனிலிருந்து வெளிவந்த ‘ஸ்டூடியோ’ சஞ்சிகையில் 1902இல் அவனீந்திரரை மேனாட்டார்க்கு அறிமுகஞ் செய்திருந்தார்.

இவ்விடத்திலேதான் நம் நாட்டவர் ஒருவர் வருகின்றார். அவர் 1877இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியில் தலைவராகக் கடமையாற்றிய அவர், கற்களைத் தேடி ஊரூராய்ச் சென்றவிடத்துக் கைவினைஞரைக் கண்டார்; கலையின்பால் ஈர்க்கப்பட்டார். ‘மாடர்ன் ரிவியூ’ இதழில் 1907இல் எழுதிய கட்டுரையொன்றில், இரவிவர்மாவின் தெய்வப் படங்கள் நாடகமேடைத் தோற்றங்களாகவே உள்ளன, இந்திய உள்ளத்தின் உணர்வு அவற்றில் இல்லை என்று கண்டித்தார். இது கடுமையான தீர்ப்பே. கலையைத் தம் வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்த ஒருவரைப் பழிப்பது முறையா என்று படங்களை மாட்டி வழிபட்டோர் எண்ணியிருப்பின், அதிலும் நியாயம் உண்டு. ஆயினும் அக்கண்டனம் ஒரு நன்மையை விளைவித்தது. ‘எது நம்முடைய கலை?’ என்ற கேள்வி அதனால் எழுந்தது.

அக்கேள்விக்குக் குமாரசுவாமி தாமே விடை தேடினார். சென்னையிலிருந்து வெளிவந்த ‘சித்தாந்த தீபிகை’ என்னும் சைவ இதழில், 1912ஆம் ஆண்டு, சிவநடனத்தைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. பின்னர் உலகெங்கும் புகழ்பெற்ற அக்கட்டுரை பேசுவது, பெயர் அறியப்பட்ட எந்தக் கலைஞனைப் பற்றியுமன்று. செப்பிலே நடராசரை வார்த்த, பெயரறியாத தமிழ்ச் சிற்பியரின் உள்ளத்தில் நின்ற கருத்தைப் பற்றியே அது பேசுகின்றது. பிரெஞ்சுச் சிற்பி ரொடேனும் சென்னை நூதனசாலை நடராசரின் புகைப்படங்களைக் கண்டு வியந்து எழுதினார். 1917இல் அவர் மறைந்தபின், 1921இல் பாரிசில் ‘ஆர்ஸ் ஆசியாட்டிக்கா’ வரிசையில் அவ்வெழுத்து வெளியாயிற்று. அதே தொகுதியில் ஹாவெல், குமாரசுவாமி ஆகியோரின் கட்டுரைகளும் இடம்பெற்றன. உலகப் புகழ் படைத்த சிற்பி ஒருவர், பெயரே தெரியாத சிற்பியர்முன் தலைவணங்கிய காட்சி அது.

ஆகவே, புகழ் பெற்றோரைப் பற்றிப் பேசத் தொடங்கிய சஞ்சிகைகள், ஈற்றிற் புகழை நாடாதோரின் பெருமையையும் நமக்குக் காட்டின. ஆயினும் ஒன்றை அவற்றாலும் செய்ய இயலவில்லை. மறைந்த பெயர்களை மீட்டுத்தர இயலவில்லை. 1950ஆம் ஆண்டில் திருகோணமலையிற் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி ஆகிய திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அவற்றின் அழகைக் கண்டு மகிழ்கின்றோம், ‘வார்த்தவர் யாவர்?’ என்று வினவினால் மறுமொழி இல்லை.

நேயர்களே, இழந்த பெயர்களுக்காக வருந்துவதோடு நாம் நின்றுவிடுதல் ஆகாது. இன்றும் நம் ஊர்க் கோவில்களிலே கோபுரங்களுக்குச் சுதை வேலை செய்வோர் உளர். தேர் செதுக்குவோர் உளர். திரைச்சீலை தீட்டுவோர் உளர். கும்பாபிடேக மலர்களில் உபயகாரரின் பெயர்களை அச்சிடும்போது, அவர்களுடைய பெயர்களையும் ஊர்களையும் ஒரு பக்கத்திலே பொறித்துவைப்போமாக. பொருள் வழங்கியோர்க்குக் கல் இடங்கொடுத்தது; கைவருந்திச் செய்தோர்க்குத் தாளாவது இடங்கொடுக்கட்டும்.